உன் அக்காவுக்கு மட்டும் சிரிக்கும் நகரம்

அன்பு மைத்துனனுக்கு, உன் அத்தான் ஆசிகளுடன் எழுதுவது.

இங்கே உன் அக்கா நலம். சாதாரண நலம் இல்லை, தேவைக்கு மேல் நலம். நான் இருக்கிறேன். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், உன் இடுப்பு வலி எல்லாரும் எப்படி என்று அறிய ஆவல். இதைப் போனில் கேட்டிருக்கலாமே என்பாய். இந்த அடுக்குமாடியில் நான் போனில் பேசினால் எதிர் வீட்டுப் பல் டாக்டர் அம்மாவுக்குக் கேட்கிறது, அவர் உன் அக்காவிடம் சொல்லிவிடுகிறார். ஆகவே பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, "வீடு சும்மாதானே கெடக்கப் போவுது, ஒரு வருஷம் இருந்து பாருங்கப்பா, புடிச்சா அங்கயே இருந்துடுங்க, இல்லன்னா வாடகைக்கு விட்டுடலாம்" என்று சொன்னது உனக்கும் தெரியும். அந்த ஒரு வருஷம் முடியப் போகிறது. இந்த மாதக் கடைசிக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் புறப்பட்ட அன்று நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அக்கா, அங்க ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்க, பக்கத்து வீட்ல உசுரு போனாலும் எட்டிப் பாக்க மாட்டாங்க" என்று கண் கலங்கினாய். அதை நம்பி நானும் வழி நெடுக உன் அக்காவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன். "யாரும் பேசலன்னா மனசு விட்டுடாத, உனக்கு நான் இருக்கேன்" என்றேன். அவளும் தலையை ஆட்டினாள். மச்சான், நகரத்துக்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தேன். பெயர் வாங்கினவன் அதற்குத் தகுந்தபடி நடக்க வேண்டாமா? இவர்கள் பாதிப் பேரிடம்தான் அப்படி நடக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பாதி நான்.

நம் ஊரில் நான் யார் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் ஆபீஸ் வேலையில் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும் வரை ரீடிங் எடுக்க நான் நுழையாத வீடு கிடையாது. யார் வீட்டில் எந்தச் சுவரில் மீட்டர் இருக்கிறது, அந்தச் சுவருக்குப் பின்னால் யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. தெருவில் இறங்கினால் "கரண்ட்காரரே" என்று கூப்பிடாத வாசல் இல்லை. உன் அக்கா அங்கே வாசல் தாண்ட மாட்டாள். ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம் நான் போய்ச் சொன்னதுதான். இப்பேர்ப்பட்ட நான் இந்தக் கட்டடத்தில் பழகப் பட்ட பாட்டைக் கேள். வந்த வாரமே லிஃப்டில் ஐந்தாவது மாடி பேங்க் மேனேஜரைப் பார்த்தேன். எல்லாரும் கதவையே முறைத்துக்கொண்டு நின்றார்கள். சாவு வீட்டில்கூட இதைவிட நாலு வார்த்தை பேசுவார்கள். சரி, நாமே ஆரம்பிப்போம் என்று, "சார், இன்னும் கல்யாணம் பண்ணிக்கலையே, ஏதாவது பிரச்சனையா?" என்று அக்கறையாகக் கேட்டேன். அவர் இரண்டாவது மாடியிலேயே இறங்கி மீதியை நடந்தே ஏறினார். அன்றிலிருந்து நான் லிஃப்டில் இருந்தால் அவருக்குப் படிக்கட்டில் ஏதோ வேலை வந்துவிடுகிறது. அதே ஆள் உன் அக்கா காய்கறிப் பையோடு வந்தால் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உன் அக்கா ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நன்றாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். சிரிப்பது ஒரு பழக்கமா?

அது போகட்டும். கீழே எல்லா வீட்டு மீட்டரும் ஒரே அறையில் வரிசையாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. தினமும் காலையிலும் மத்தியானமும் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். நல்ல மனுஷன் தெரிந்ததைச் சொல்லுவான் இல்லையா, அந்த எண்ணத்தில் பல் டாக்டர் அம்மாவிடம், "நேத்து மத்தியானம் நீங்க வீட்ல இல்ல, ஆனா உங்க வீட்ல யாரோ ஏசி போட்டிருக்காங்க" என்றேன். அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்காரர்தான் வந்து தூங்கியிருக்கிறார். அந்த வீட்டில் அன்று நடந்த சண்டைக்கு நான் பொறுப்பா? மறுநாள் மீட்டர் அறைக்குப் பெரிய பூட்டு. ஆயுசு முழுக்க மீட்டரோடு குடித்தனம் நடத்தியவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதே டாக்டர் அம்மா அன்று சாயங்காலமே உன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான்க்கா இவ்வளவு பொறுமையா இருக்க முடியுது" என்கிறார். எதற்குப் பொறுமை என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் காப்பி போட உள்ளே போய்விட்டார்கள்.

வாட்ச்மேன் கதை இன்னும் மோசம். உன் அக்கா வந்தால் எழுந்து நின்று பையை வாங்கிக்கொள்கிறான், அவன் மகள் பரீட்சை எப்படி எழுதினாள் என்பது வரை அவளிடம் ஒப்பிக்கிறான். போன வாரம் முடி வெட்டிக்கொண்டு திரும்பிய என்னை நிறுத்தி, "யாரப் பாக்கணும்?" என்று கேட்டான். வருஷம் முடியப் போகிறது மச்சான். மகன் பெயரைச் சொன்னேன், வீட்டு நம்பரைச் சொன்னேன், அவன் நகரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், "நான் அவங்க வீட்டுக்காரர்" என்றேன். உடனே சலாம் போட்டுக் கதவைத் திறந்தான். அந்தச் சலாம் எனக்கு இல்லை என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நம் ஊரில் என்றால் தும்மல் போட்டால் தெரு திரண்டு வரும். இங்கேதான் எட்டிப் பார்க்க மாட்டார்களே, பார்ப்போம் ஒரு கை என்று வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். மச்சான், வந்தார்கள். கூட்டமாக வந்தார்கள். ஒருவர் கஞ்சி கொண்டு வந்தார், ஒருவர் மாத்திரை வாங்கி வந்தார், மேனேஜர்கூடப் பழம் வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். எல்லாரும் முன் அறையில் உன் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து, "பாவம்க்கா, உங்களுக்கு எவ்வளவு வேலை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கஞ்சியும் அவளுக்குத்தான். நான் உள்ளேயிருந்து நாலு தரம் இருமிப் பார்த்தேன். டாக்டர் அம்மா, "உள்ள டிவி ஓடுதாக்கா?" என்று கேட்டார். "இல்ல, அவருதான் இருமுறாரு" என்றாள் உன் அக்கா. "ஓ" என்றார்கள். அந்த ஒரு "ஓ"தான் எனக்குக் கிடைத்த விசாரிப்பு.

இப்போது தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் கூட்டம் போடுகிறார்கள். செடிக்குத் தண்ணீர் விடுவது என்றுதான் பெயர். நான் கீழே உட்கார்ந்திருக்கிறேன், மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நடுவில் உன் அக்கா குரல். அவளுக்கு அவ்வளவு பேச வருமென்று எனக்கே தெரியாது. ஒருநாள் பொறுக்க முடியாமல் படியேறிப் போனேன். என் தலை தெரிந்ததும் கப்சிப்பென்று அடங்கிவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் ஏற்கெனவே தண்ணீர் தேங்கி நின்ற தொட்டியில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். நான் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஒளித்து என்ன, வயிறு எரிகிறது. அவர்கள் எல்லாரிடமும் சிடுசிடுவென்று இருந்தால் ஊர் வழக்கம் என்று விட்டுவிடலாம். என்னிடம் மட்டும் இருந்தால் நான் என்ன நினைப்பது? கீழே வந்தபின் "என்ன பேசுனீங்க?" என்று கேட்டால், "சும்மா" என்கிறாள். முன்பெல்லாம் நான் வாயைத் திறந்தால் பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போது நான் சொல்ல என்ன இருக்கிறது? மீட்டர் அறையும் பூட்டிக் கிடக்கிறது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக ஆகிவிட்டது என் பிழைப்பு.

ஆகையால் நீ எனக்கு ஒரு உபகாரம் செய். இந்த மாதம் முடிவதற்குள் உன் அக்காவுக்குப் போன் போட்டு, உடம்பு முடியவில்லை, பிள்ளைகள் அத்தை அத்தை என்று ஏங்குகிறார்கள், உடனே ஊருக்கே வந்துவிடு என்று அழு. உனக்கு அழ வரும், அன்றைக்குப் பார்த்தேனே. இடுப்பு வலியை மட்டும் சொல்லாதே, அது அவளுக்குப் பழைய செய்தி. புதிதாக ஏதாவது சொல். அவள் கிளம்பினால் நானும் மனசில்லாமல் கிளம்புகிற மாதிரி கிளம்பிவிடுவேன். உன் குடும்பமும் குழந்தைகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், உனக்கு வாய்க்கும் அக்கம்பக்கம் உன்னையும் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இதற்குக் கீழே எழுதுவது அக்கா. உன் அத்தான் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறார். வாட்ச்மேன் எங்கள் வீட்டு விஷயம் எதுவானாலும் என்னிடம்தானே கொடுப்பார். உறையை ஒட்டியிருந்த அழகில் அது தானாகத் திறந்துகொண்டது. எழுதியதெல்லாம் பொய் இல்லை. மேனேஜர் படியேறுவது இவர் கேட்ட கேள்விக்குப் பயந்துதான். ஆனால் மாடியில் நாங்கள் என்ன பேசுகிறோம் என்று இவருக்குத் தெரியாது, உனக்குச் சொல்கிறேன். வந்த புதிதில் அவர்கள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். வாசல் தாண்டாதவளுக்குச் சொல்ல என்ன இருக்கும்? இவர் தினமும் வந்து சொன்னதைத்தான் சொன்னேன். நாய் துரத்தி இவர் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்ததும், அந்த வீட்டு அம்மா அங்கேயே இவருக்குக் காப்பி நீட்டியதும். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என்று நினைத்து ஒரு வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட, இவர் வயிறாரச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "மீட்டர் எந்தப் பக்கம்?" என்று கேட்டதும். அன்றைக்கு டாக்டர் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. கதையில் கேட்ட ஆள் திடீரென்று எதிரில் வந்து நின்றால் வாயைப் பொத்தாமல் என்ன செய்வார்கள்? நம் ஊரில் நான் கரண்ட்காரர் வீட்டம்மா. இங்கே இவர் என் வீட்டுக்காரர். கொஞ்ச நாள் அப்படியும் இருக்கட்டுமே. இங்கேயே இருந்துவிடுகிறோம் என்று மகனிடம் நேற்றே சொல்லிவிட்டேன், நீ அழ வேண்டாம். அத்தானிடம் மட்டும் இது எதையும் சொல்லிவிடாதே. தெரிந்தால் நாளைக்கே மாடிக்கு வந்து தானே சொல்ல ஆரம்பித்துவிடுவார். என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார் தம்பி. அதற்கப்புறம் என்னை யார் தேடுவார்கள்?