சாம்பல் கொக்குக்குத் தாய்மாமன் எழுதுவது

சிறைச்சாலைச் சமையல் கிடங்கு,
கிளீவ்லாந்து. ஞாயிறு மதியம்.

பேரன்புக்குரிய மருமகன் லெசெக்குக்கு, சிறைக்காவலர் தலைவனும் உன் தாய்மாமனுமாகிய கசிமிர் ஆசி கூறி எழுதுவது. இங்கு நான் நலம். எவ்வளவு நேரத்துக்கு என்பதை இடுக்கிதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆமாம், அவனேதான். போன மாதம் நீ சாம்பல் கொக்கு முகமூடி மாட்டிக்கொண்டு, பாலத்திலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டு, "கொல்ல மாட்டேன், சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று வசனம் பேசி எங்களிடம் ஒப்படைத்தாயே, அந்த இரும்புக் கைக்காரன். கையைக் கழற்ற நீதிபதியின் உத்தரவு இன்னும் வரவில்லை. இன்று பூசை முடிந்து முட்டைக்கோஸ் சூப் ஊற்றும்போது அறைக்கதவைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டான், டெலிபோன் கம்பியை அறுத்துட்டான், மத்த காவலர்களை மாடியில வச்சுப் பூட்டிட்டான், நான் ஒத்தைத் துப்பாக்கியோட உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னாடி குந்தியிருக்கேன். இதை உன்கிட்ட கொண்டுவரப்போற ரொட்டி வண்டிக்காரர் ஜன்னலுக்குக் கீழே நின்னு, "உயிர் போற நேரத்துல மருமகனுக்குக் கடுதாசியாய்யா?"ன்னு கத்துறார். பாவம், அவருக்கு நீ வெறும் கடிகாரக் கடைக்காரன்.

ஏண்டா கொல்ல மாட்டேங்கிறே? கேட்டா, "ஒரு தடவை கொன்னா கை பழகிடும் மாமா"ங்கிறே. நல்லாயிருக்குடா நியாயம்! உன் கை சுத்தமா இருக்கணும், பென்னிக்குக் கையே இல்லாமப் போகணுமா? போன தடவை இவன் தப்பிச்சப்போ நசுக்கின கையை டாக்டருங்க முழங்கையோட எடுத்துட்டாங்க. என்கூட இருபது வருஷம் காவல் நின்னவன், ஆஸ்பத்திரியில என்னைப் பாத்து ஒண்ணுதான் கேட்டான்: "அந்தக் கொக்கு இவனை ஏன் விட்டு வச்சது?" நான் அவனுக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தேன். சட்டம் சட்டம்னு நீ சொல்றது யாரைடா? இந்த மூட்டைக்குப் பின்னாடி நடுங்குற என்னைத்தானே! ஐயோ, கதவு ஆடுது. மேல் கீல் போயிடுச்சு. இந்தத் தடவை அவன் கழுத்தைத் திருகிடு. பாவம் என் தலையில. பாதிரியார்கிட்ட நான் பேசிக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. கடவுள் உன்னையும் உன் தொளதொள அங்கியையும் காப்பாராக.

இப்படிக்கு,
மாமா கசிமிர்

பி.கு.: கதவு விழுந்துச்சு. கூடவே அவனும் விழுந்தான், பரண்ல இருந்த மாவு மூட்டை அத்தனையும் அவன் மேல. கால் முறிஞ்சிருச்சு, இரும்புக் கை ரெண்டும் அடியில மாட்டிக்கிச்சு. துப்பாக்கியை நெத்தியில வச்சேன். பாக்க ஒருத்தரும் இல்ல. "சுடப்போறியா?"ன்னு கேட்டான், மாவு மூக்குல ஏறி ஒரு தும்மல் போட்டான். "நூறாயுசு"ன்னு என் வாய் தானா சொல்லிடுச்சுடா! சொல்லிட்டு எப்படிச் சுடுறது? இடுப்பு வாரால கட்டிப்போட்டிருக்கேன், வலியில முனகுறான். மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. கொல்ல வேணாம். டாக்டரைக் கூட்டிக்கிட்டுச் சீக்கிரம் வா. சாயங்காலம் நான் பென்னியைப் பாக்கப் போகணும். ஏன் விட்டு வச்சேன்னு இப்ப என்னையில்ல கேப்பான்.