பனிக்குள் எடுத்த பெரட்டு

மூடுபனிக்குள் நின்றுகொண்டு எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நானும் டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் பிறந்தேன். ஆனால் பிரதேச சபையில் வேலை கிடைத்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொடங்கியதும் அந்தப் புத்தி எங்கேயோ போய்விட்டது.

அப்போது சபை ஒரு திட்டம் போட்டிருந்தது. கல் உடைத்து முடித்துக் கைவிட்ட குழிகளை டவுன் குப்பையைக் கொட்டி நிரப்புவது. குழியும் மூடும், குப்பையும் போகும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் குழியைக் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. (அந்தக் குழி இருந்த மேட்டில் ஏற வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி கொழும்பிலிருந்து வந்தார். சபைத் தவிசாளரும் வந்தார். குழியின் விளிம்பை அடைந்தபோது, மூடுபனியில் பக்கத்தில் நின்ற தவிசாளரின் தொப்பி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கீழே இருந்த பழைய லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், காலியாகிவிட்டதாக அலுவலகத்தில் யாரோ பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. நேரில் பார்த்தவன் போல, உரத்த சிங்களத்தில், ஈ காக்கை இல்லை என்றேன். அத்துடன் விட்டேனா? இந்தச் சிவலிங்கத்துக்குத் தெரியாத இடம் இந்த மலையில் இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பனிக்குள் யாரோ இருமினார்கள். அதிகாரி திரும்பினார்.

"மரை மான், சேர்," என்றேன். "இந்தப் பக்கம் நிறைய."

அப்போது கீழேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"பேசி முடிச்சாச்சுங்களா? அப்ப நாங்க பெரட்டு எடுக்கிறோம்."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவது. குரலுக்கு உரியவர் பாக்கியம் அக்கா, அந்த லயத்து மாதர் சங்கத் தலைவி. தலைக்கு மேலே குப்பை வந்தால் குடிக்கிற ஊற்றும் கெடும், குடியிருக்கவும் முடியாது என்று, லயமே திரண்டு வந்து எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறது. நான் பேசி முடிக்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. கைக்குழந்தைகூட அழவில்லை. (இருமியவருக்குப் பிறகு நன்றாகக் கிடைத்ததாம்.)

"ராஜம்மா."

"இருக்கேங்க."

"முத்துலெட்சுமி, புள்ளைகளோட."

"இருக்கோங்க."

ஆள் தெரியாத வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாக வந்துகொண்டே இருந்தது. தவிசாளரின் தொப்பி மெல்ல என்னைவிட்டு விலகிப் போனது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும், ஒரு வசவு இல்லாமல், ஒரு கோஷம் இல்லாமல் இப்படியும் எதிர்க்க முடியுமா என்று மனம் கைதட்டவும் செய்தது.

கடைசியாகக் கூப்பிட்டார்.

"சிவலிங்கம்."

"இருக்கேங்க," என்றேன்.

சத்தியமாக யோசித்துச் சொல்லவில்லை. அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்திலிருந்து கேட்டுப் பழகியது, வாய் தானாகத் திறந்துவிட்டது.

சற்று நேரத்தில் பனி விலகியது. லயத்துக் கூரைகள், கொடியில் காயும் துணிகள், எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை முகங்கள். அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு, இங்கே குப்பை கொட்ட அனுமதி கிடையாது என்று அங்கேயே சொன்னார். பாக்கியம் அக்கா எங்கள் எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். என் முறை வந்தபோது, "மரை சேருக்குச் சீனி போடவாங்க?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

இப்போது எந்தக் குழியைப் பார்க்கப் போனாலும், அங்கே இருப்பவர்களைக் கூப்பிட்டுப் பேசிய பிறகுதான் சபை முடிவெடுக்கிறது. அந்தப் பெருமை முழுக்கப் பாக்கியம் அக்காவுக்கு. என் பங்குக்குக் கிடைத்தது வேறு. உறவுக்காரர் கல்யாணங்களில் என் மனைவி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறாள்:

"குப்பை கொட்ட எடம் காட்டப் போயி, கொட்டக் கூடாதுன்னு பேரு குடுத்துட்டு வந்தவரு."

பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சபை வேலையில் இதுவரை நான் சொன்ன பதில்களில், யாரையும் கேட்காமல் சொல்லியும் சரியாக இருந்தது அந்த 'இருக்கேங்க' ஒன்றுதான்.