ஆறாம் கோட்டுக்கு மேல்

பொதுமக்களின் காதுகள் பொதுச்சொத்து என்பதையும், அவற்றைப் பொதுமக்களின் பொறுப்பிலேயே விட்டுவைப்பது ஆபத்து என்பதையும் கருத்தில் கொண்டு, சட்டைப்பையில் அடங்கும் பாட்டுப்பெட்டிகள் யாவும் இனி ஆறாம் கோட்டுக்கு மேல் பாடக்கூடாது என்று அரசு ஆணை பிறப்பித்தது. பெட்டியில் சத்தத்தைக் காட்டும் கோடுகள் மொத்தம் பதினைந்து. ஆணையை ஊருக்குச் சொல்ல வந்த வண்டியின் தலையில் நான்கு ஒலிபெருக்கிகள் இருந்தன. அது போன தெருக்களில் அன்று ஒரு குழந்தைகூடத் தூங்கவில்லை.

மறுநாளே செவிப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் ஆட்கள் வீடு வீடாக வந்து, சத்தத்தைக் கூட்டும் பட்டன்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். குறைக்கும் பட்டனை மக்களின் சுதந்திரத்துக்கு விட்டுவிட்டார்கள்.

இதில் நேராக அடி விழுந்தது கடைத்தெருத் தையல்காரருக்கு. அவருக்குக் காது மந்தம். பதினாலாம் கோட்டில் வைத்தால்தான் பாட்டு உள்ளே நுழையும். பாட்டு இல்லாவிட்டால் தைக்க முடியாதா என்று கேட்பவர்கள் அவர் தைத்துப் பார்த்ததில்லை. அவர் அளவே பாட்டில்தான். காலருக்கு ஒரு பாட்டு, கைக்கு முக்கால் பாட்டு, இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் ஊசி நின்றால் பை சரியாக இருக்கும். கழுத்தில் தொங்கும் அளவு நாடா வாடிக்கையாளரின் மனத்திருப்திக்கு.

அரக்கு வைத்த வாரம் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், ஒரு கால்சட்டையின் வலது காலை முழங்காலோடு முடித்துவிட்டார். அடுத்து வந்தது ஒரு மாப்பிள்ளையின் கோட்டு. அதன் பைகளை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டார். கை வைக்க இடமில்லாமல் மாப்பிள்ளை கல்யாணம் முழுக்கக் குற்றவாளி மாதிரி நின்றாராம்.

"இன்னும் ரெண்டு உருப்படி இப்படிப் போச்சுன்னா கடைக்கே அரக்கு வெச்சிட வேண்டியதுதான்," என்றாள் மனைவி. வாயசைவைப் பார்த்தே அவருக்குப் புரிந்தது. இருபது வருஷக் குடித்தனம்.

சட்டத்தில் ஒரு கருணையும் இருந்தது. காது மந்தம் என்று நிரூபிப்பவர்களுக்கு மஞ்சள் பேட்ஜ் ஒன்று கொடுத்து, அரக்கையும் உடைத்துவிடுவார்கள். தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டு இயக்குநரகத்துக்குப் போனார். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய கூடம். டோக்கன் நாற்பத்தேழு. எண்ணைக் கூப்பிடும் குமாஸ்தா, சட்டத்தை மதிப்பவர் என்பதால், ஆறாம் கோட்டு அளவில்தான் கூப்பிட்டார். தையல்காரர் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தார். பதிவேட்டில் நாற்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் 'ஆஜராகவில்லை' என்று பச்சை மையில் போட்டார்கள்.

அடுத்த நாள் மனைவியைக் கூட்டிப் போனார். எண்ணைக் கூப்பிட்டதும் அவள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவர் விருட்டென்று எழுந்தார். காது ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பாராட்டும் பார்வை பார்த்துவிட்டு, 'செவித்திறன்: மிக நன்று' என்று எழுதினார்.

"ஐயா, அவருக்குக் கேக்கலை. நான்தான் கிள்ளினேன்."

"அம்மா, கூப்பிட்டோம், எழுந்தார். இடையில் நடந்தது குடும்ப விவகாரம். அதில் இயக்குநரகம் தலையிடாது."

"கூப்பிட்டு எழுந்திரிக்கலைன்னா?"

"ஆஜராகவில்லை என்று பொருள்."

"அப்ப நெஜமாவே காது கேக்காதவங்க என்ன பண்றது?"

ஆய்வாளர் யோசித்தார். இதுவரை அப்படி யாரும் ஆஜரானதே இல்லை என்று பதிவேட்டைப் புரட்டிக் காட்டினார். கோப்பை மூடி நாடா கட்டினார்கள். ஒரு முறை 'மிக நன்று' வாங்கியவர் மறுபடி விண்ணப்பிக்க விதியில் இடமில்லையாம்.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வழியை முதலில் கண்டுபிடித்தது கல்லூரிப் பிள்ளைகள். ஐம்பத்திரண்டைக் கூப்பிட்டால் ஐம்பத்துமூன்று எழுந்து போக வேண்டும். ஆஜரும் ஆச்சு, தப்பாகக் கேட்டதும் ஆச்சு. ஒரே மாதத்தில் ஊரில் பாதிப் பேர் அடுத்தவர் எண்ணுக்கு எழுந்து பேட்ஜ் வாங்கினார்கள். மீதிப் பேர், பாதிப் பேர் போட்டிருக்கிறார்களே என்று வாங்கினார்கள். காது மடலில் மஞ்சள் பேட்ஜ் இல்லாமல் விசேஷங்களுக்குப் போவது மரியாதைக் குறைவு என்றாயிற்று. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ஒரு பிள்ளையும் "உள்ளேன்" சொல்லவில்லை. கூப்பிட்ட ஆசிரியரும் பேட்ஜைத் தொட்டுக் காட்டி, சொல்லியிருந்தாலும் தமக்குக் கேட்டிருக்காது என்று எல்லாருக்கும் ஆஜர் போட்டார்.

தையல்காரரின் மனைவியும் ஒன்று வாங்கினாள். "என்னடி இது?" என்று அவர் கேட்டதற்கு, தனக்குச் சட்டப்படி கேட்காது என்று சைகையில் சொல்லிவிட்டாள்.

வருஷ முடிவில் இயக்குநரகம் அறிக்கை வெளியிட்டது. சட்டம் வந்த பன்னிரண்டு மாதத்தில் ஊரில் ஒருவர் தவிர அனைவரும் செவித்திறனை இழந்துவிட்டனர். சட்டம் மட்டும் வராதிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது. இயக்குநருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். கைதட்டல் ஓய்ந்ததா என்று தெரியாமல் அவர் வெகுநேரம் மேடையிலேயே நின்றார். அவரும் பேட்ஜ் வாங்கியவர்.

அந்த ஒருவர் யார் என்று தேடிக் கடைத்தெருவுக்கு ஜீப் வந்தது. மக்கள் குறை கேட்கும் அலுவலர் பதவி காலியாக இருந்தது. காது கேட்பவராக இருக்க வேண்டும் என்பது அதற்கான ஒரே தகுதி. அரசு ஏட்டின்படி ஊரில் அந்தத் தகுதி உள்ளவர் தையல்காரர் மட்டும்தான். அவர் தனக்குக் கேட்காது என்று மூன்று முறை சொன்னார். வந்த அதிகாரிகள் பேட்ஜ் போட்டிருந்ததால் அது அவர்களுக்குக் கேட்கவில்லை. நியமன ஆணையைக் கையில் திணித்தார்கள். அதோடு, பதவியில் இருப்பவரின் பாட்டுப்பெட்டி அரசு உடைமை என்பதால் அதன் அரக்கையும் உடைத்தார்கள்.

அரக்கு உடைந்த பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை. தையல் மெஷினை அலுவலக அறைக்கே கொண்டுவந்தார். சம்பளம் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். காதில் பதினாலாம் கோட்டில் பாட்டு. எதிரே மனுதாரர் பேசுவார், இவர் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே தைப்பார். சாக்கடை அடைப்புப் புகார் ஒரு காலருக்குச் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தகராறு என்றால் ஒரு முழுச் சட்டையே முடிந்துவிடும்.

எட்டு வருஷமாகக் குழாயில் தண்ணீர் வராத ஒரு பெண் அரை மணி நேரம் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா சொன்னாரு?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினாரு. இத்தனை வருஷத்துல ஒரு மனுஷன் என்னை நடுவுல நிறுத்தலைன்னா அது இன்னைக்குத்தான்."

குழாயில் காற்றுதான் வந்தது. ஆனாலும் அவள் வாரா வாரம் வந்தாள். குறையே இல்லாதவர்களும் யோசித்து ஒரு குறையோடு வர ஆரம்பித்தார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது.

ஒருநாள் பாட்டு நடுவிலேயே நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்திருந்தது. தையல்காரருக்குக் கை ஓடவில்லை. முன்னால் யாரோ வாயை அசைத்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குழாய்ப் பெண். அவருக்குப் பாவமாக இருந்தது. ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தி, "எனக்குக் காது கேக்காதும்மா. உங்களுக்கு என்ன வேணும்னு இதுல எழுதுங்க. நானே குழாய்க்காரரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார்.

அவள் முகம் சுருங்கியது. காகிதத்தைத் தொடாமல் எழுந்து போனாள்.

மாலைக்குள் இயக்குநரகத்துக்கு நானூறு கையெழுத்துகளோடு ஒரு மனு போயிற்று. நல்லபடி இருந்த அலுவலர் திடீரென்று குறுக்கே பேசுகிறார், கேள்வி கேட்கிறார், எழுதச் சொல்லி ஏழைகளை அலைக்கழிக்கிறார், தலையாட்டுவதில்லை, ஆவன செய்ய வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஆய்வாளர் நேரில் வந்து அலுவலரின் மேசையில் ஒரு சார்ஜர் வைத்துவிட்டுப் போனார். அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து நடவடிக்கை எடுக்கப்பட்ட முதல் மனு அதுதான்.