எதிராளிக்கு விசிலடித்த கொஸ்டின் அக்கா

தோற்றதைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசிய மனுஷி இந்தப் பூமியில் இன்னொருத்தி இருக்க முடியாது. உலகக் கோப்பை வாங்கியவர்கள்கூட அந்தக் கோப்பையைப் பற்றி அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பெண்கள் விடுதியில் அவர்தான் சமையல். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. எங்கள் எல்லோருக்கும் அவர் கொஸ்டின் அக்கா.

ஏனென்றால், கேள்வி கேட்காமல் அவர் கையில் கரண்டி சாயாது. முதல் தடவை சோறும் குழம்பும் சும்மா கிடைக்கும். இரண்டாம் தடவை குழம்பு வேண்டுமென்றால் ஒரு கேள்வி. புதன்கிழமை இரண்டாவது முட்டை வேண்டுமென்றால் கஷ்டமான கேள்வி. எல்லாமே ஒரே பாடத்திலிருந்து வரும்: எங்கள் கல்லூரிப் பெண்களின் மல்யுத்த வரலாறு.

"சொல்லுடி. நம்ம காலேஜுல மொத மொத மேட்ல ஏறுனது யாரு? எத்தினி செகண்டுல வுழுந்தா?"

"லலிதாக்கா. பதினோரு செகண்டு."

"அதுல கை குலுக்குனதே நாலு செகண்டு. சண்டை ஏழுதான். இந்தா, முட்டை."

சமையல்காரிக்கு மல்யுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மலையில் சமதளமான பெரிய அறை என்று எங்களுக்கு இருந்தது விடுதியின் சாப்பாட்டுக்கூடம் ஒன்றுதான். சாயங்காலம் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மல்யுத்தம் போடுகிற மெத்தை விரிப்பான மேட்டை விரிப்பார்கள். வாரத்துக்கு ஒரு நாள் கீழேயிருந்து கோச் வருவார். மற்ற நாட்களில் பெண்கள் தாங்களாகவே கட்டிப் புரளுவார்கள். அக்கா வெங்காயம் உரித்தபடி அடுப்பங்கரை ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். மேட்டில் நிரந்தரமாகச் சாம்பார் வாசனை அடித்தது. எங்கள் பெண்ணின் பிடியில் சிக்கிய எதிராளிகளுக்கு முதலில் பசிதான் எடுத்திருக்கும்.

வரலாறு சின்னதுதான். வருஷத்துக்கு ஒரு முறை பல்கலைக்கழகப் பயிற்சி முகாமுக்கான தகுதிச் சுற்று நடக்கும். ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் நான்கு பேருக்கு இடம். எங்களில் ஒருத்திகூட அந்த நாலுக்குள் வந்ததில்லை. ஆனால் அக்கா சொல்லிக் கேட்டால் அது மகாயுத்தமாக இருக்கும். கால் கொலுசு கழற்ற வராமல், கொலுசின் எடையால் பிரிவு தாண்டிப்போய்ப் போட்டியை இழந்தவள் யார், சோப்பு போட்டுக் கழற்றப் பார்த்தது யார், அந்தச் சோப்பு யாருடையது, எல்லாம் அவருக்குத் தெரியும். எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி, எதிராளி பஸ்ஸைத் தவறவிட்டதால் வந்தது. அதையும் அக்கா, "அந்தப் பொண்ணு பயந்துகினு பஸ்ஸயே வுட்டுட்டா" என்றுதான் சொல்வார்.

ஒருமுறை எங்கள் பிரின்சிபால் விடுதிச் சாப்பாட்டைச் சோதிக்க வந்தார். நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு இன்னொரு முட்டைக்குத் தட்டை நீட்டினார்.

"சார், கொலுசு கழட்டாதது யாருங்க சார்?"

"என்னம்மா?"

"தெரியலீங்களா? சரி, ரசம் ஊத்தட்டா?"

பிரின்சிபால் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு சோதனைக்கு அவர் புதன்கிழமை வருவதே இல்லை.

அந்தப் பிரின்சிபால்தான் என்னை மல்யுத்த அணியின் பொறுப்பாளராகப் போட்டார். நான் வணிகவியல் கௌரவ விரிவுரையாளர். மல்யுத்தத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உடம்பு இருக்கு மேடம்" என்றார். இதற்கு மேல் ஒரு பெண் என்ன வாதாட முடியும்?

எல்லாப் போட்டிக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு அக்காவும் கூடவே வருவார். அவருடன் போவதில் ஒரு பெரிய மானக்கேடு உண்டு. எங்கள் பெண் தோற்ற அடுத்த நிமிஷமே அவர் கட்சி மாறிவிடுவார். யார் ஜெயித்தாளோ அவளுக்காக, அடுத்த சுற்றில் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். தோற்ற பெண் இந்தப் பக்கம் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள். நான் ஒருமுறை கேட்டே விட்டேன்.

"இது துரோகம் இல்லையா அக்கா?"

"இன்னா மேடம் படிச்சவங்க இப்பிடி கேக்குறீங்க? நம்மள தோக்கடிச்சவ அடுத்த ரவுண்டுலயே வுழுந்தா நமக்கு இன்னா மரியாதி? அவ சாம்பியன் ஆவணும். அப்பதான் நாம சாம்பியன்கிட்ட தோத்தவங்க."

பாவம், அந்த மரியாதையும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களை ஜெயித்தவர்கள் அத்தனை பேரும் அடுத்த சுற்றிலேயே சொல்லிவைத்த மாதிரி விழுந்தார்கள். அக்காவின் விசிலே ராசியில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

போன வருஷம் மஞ்சு என்று ஒருத்தி இருந்தாள். மூன்றாம் வருஷம் படித்த மலைப்பெண், நிஜமாகவே திறமைசாலி. தகுதிச் சுற்றில் தேறிய சான்றிதழ் இருந்தால் உடற்கல்விக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் பரீட்சை முடிந்த கையோடு வீட்டாருடன் காபித் தோட்ட வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

போட்டி வேலூரில். கோச்சுக்கு அம்மை போட்டிருந்ததால் மஞ்சு, நான், அக்கா மூன்று பேர் மட்டும் போனோம். அக்கா ஒரு கல்யாணத்துக்குக் கட்டுகிற மாதிரி டப்பா டப்பாவாகப் புளிசோறு கட்டி எடுத்துவந்தார். மஞ்சு முதல் மோதலிலேயே நீல காஸ்ட்யூம் போட்ட ஒரு பெண்ணிடம் ஆறுக்கு நாலு என்று தோற்றாள். அழுதாள். அழுதுகொண்டே உடை மாற்றினாள். பிறகு மூன்று டப்பா புளிசோற்றைக் காலி செய்தாள்.

எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த வருத்தத்தைவிட நாலு மணி மலை பஸ் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதை விட்டால் அடுத்தது ஏழரைக்கு. ஆட்டோ பிடிக்கச் சொல்லி மஞ்சுவை வாசலுக்கு அனுப்பிவிட்டு அக்காவைத் தேடினேன். அவர் மேட்டுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, வாங்க. மணி மூணே கால்."

"செத்த இருங்க மேடம். நம்ம நீலத்துக்கு செமி பைனலு."

"நம்ம நீலமா! அவதானே மஞ்சுவ அழ வெச்சா?"

"அதனாலதான் சொல்றேன், நம்ம நீலம்னு. நீங்க போறதுன்னா போங்க. நான் நடந்தாவது வந்துடுறேன்."

மலைக்கு நடந்து வருகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீலம் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தாள். ஆள் சோர்ந்து, தலை தொங்கிவிட்டது.

"ஏ நீலம்! தரைய இன்னாடி பாக்குற, காசா வுழுந்து கெடக்குது? கால புடிடி!"

அந்தப் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. எதிராளியின் காலைப் பிடித்து இழுத்துச் சாய்த்து, இரண்டு தோளையும் மேட்டில் அழுத்திவிட்டாள். தோள் இரண்டும் பட்டால் புள்ளிக் கணக்கே கிடையாது, ஜெயித்தது நீலம்தான். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிக் குதித்ததில் நாற்காலி உடைந்துவிட்டது.

நான் அந்த நாற்காலிக்காக மன்னிப்புக் கேட்கக் கிளம்பும்போது மைக்கில் மஞ்சுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு ஓடினேன்.

"எங்க பொண்ணு தோத்துட்டா சார்."

"தெரியும் மேடம். அவங்கள ஜெயிச்ச பொண்ணு இப்ப பைனலுக்குப் போயிடுச்சு. பைனலுக்குப் போறவங்ககிட்ட தோத்தவங்களுக்கு இன்னொரு சான்ஸ் உண்டு. செமி பைனல்ல தோத்த இந்தப் பொண்ணோட மோதணும். ஜெயிச்சா வெண்கலம், மொத நாலுக்குள்ள இடம். அஞ்சு நிமிஷத்துல ஆள் வரலைன்னா எதிராளி ஜெயிச்சதா எழுதிடுவோம்."

பொறுப்பாளராக இருந்த எனக்கு இந்த விதி தெரியாது. என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்நேரம் ஆட்டோவில் பாதி தூரம் போயிருப்போம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பிரின்சிபால் பார்த்திருந்தால், தடகளத்தையும் என் தலையில் கட்டியிருப்பார்.

மஞ்சு மிரண்டுபோனாள். "மேடம், வயிறு முட்டத் துன்னுட்டேன். குனியவே முடியல."

பின்னாலேயே காஸ்ட்யூமோடு ஓடிவந்த அக்கா சொன்னார்: "நல்லதுதான்டி! எடை பாக்குறது காலையிலயே முடிஞ்சிபோச்சி. இப்ப அவளால உன்னத் தூக்கவே முடியாது."

அப்படியேதான் நடந்தது. எதிராளி நாலு முறை தூக்கிப் பார்த்தாள். மூன்று டப்பா புளிசோறு அசையவில்லை. கடைசி நிமிஷத்தில் மஞ்சு அவளைச் சுற்றி வந்து கீழே சாய்த்தாள். நடுவர் மஞ்சுவின் கையைத் தூக்கியபோது நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. அந்தச் சான்றிதழோடுதான் மஞ்சு இப்போது உடற்கல்விக் கல்லூரியில் படிக்கிறாள்.

கத்தி ஊரைக் கூட்டியிருக்க வேண்டிய அக்காவை மட்டும் காணோம். தேடினால், சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பிடி ஒரு ரூலு இருக்குறது இத்தினி வருசமா எனக்குத் தெரியாம போச்சே மேடம். தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா விசிலடிச்சிருப்பேன். லலிதாவுக்கும் ஒரு சான்ஸ் கெடச்சிருக்கும்."

பதினோரு செகண்டில் விழுந்த லலிதாவுக்காக அந்த மனுஷியின் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொரு தோல்வியையும் அவர் எங்கே வைத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள்தான் முட்டை வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறோம்.

நாலு மணி பஸ் போயே போய்விட்டது. பைனலையும் பார்த்தோம். நீலம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். எல்லோரும் ஜெயித்தவளைச் சூழ்ந்துகொள்ள, அவள் தன் பையை எடுத்துக்கொண்டு தனியாக ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா எழுந்தார். மிச்சமிருந்த டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க எங்க காலேஜா ஆன்ட்டி? எனக்காகவே கத்திக்கிட்டு இருந்தீங்களே. என்கூட யாருமே வரலை. எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் கத்துனதும் இல்லை."

அக்கா திரும்பி மஞ்சுவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முந்தானையால் அந்தப் பெண்ணின் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"உன்னப் பாக்கத்தான்டி நாங்க மலையிலருந்து எறங்கி வந்தோம். துன்னு."

பச்சைப் பொய். அந்த மனுஷியை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. மஞ்சுதான் முதலில் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெண் சாப்பிட்டு முடிக்கிறவரை நாங்கள் மூன்று பேரும் அவளுடைய காலேஜாகவே இருந்தோம்.