இருமாதே கழற்றிய கண்ணாடி

ஒரு கார்க் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் அதன் சொந்தக்காரரின் உயிரில் பாதியைக் கழற்றிவிடக் கூடியவர், எனக்குத் தெரிந்து புதுச்சேரியில் ஒருவர்தான். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. வேலை நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் “இருமாதே!” என்று அதட்டுவார், அதுவே பெயராகிவிட்டது.

என் மாமனார் விட்டுப்போன பழைய காரைப் புதுப்பிக்க ஆசைப்பட்டேன். பின்கண்ணாடியைச் சுற்றித் துரு. கண்ணாடியை எடுத்தால்தான் தகரத்தைச் சரிசெய்ய முடியும். உடைந்தால் அதுபோல் இன்னொன்று எங்கும் கிடைக்காது.

“அப்பா கார் கண்ணாடி ஒடைஞ்சுதுன்னா, நீங்க அந்தக் காருலயே குடியிருந்துக்குங்க” என்று மனைவி அன்பாக வழியனுப்பினாள்.

வைத்திக்குப்பம் பக்கம் அவருடைய ஷெட். முதல் நாள் முழுக்க இருமாதே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னைக்கு வேணாம் சார். அதுக்கு மனசு சரியில்ல.”

இரண்டாம் நாள் பிளேடை எடுத்த நொடியில் என் செல்போன் அடித்தது. கருவிகளை மூட்டை கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் ஒருவழியாகத் தொட்டார். கல்லாய் இறுகிய ரப்பரை வகிர்ந்தார். பசைக்குள் தூண்டில் நரம்பை நுழைத்து, ரம்பம்போல மெல்ல மெல்ல இழுத்து அறுத்தார். பிறகு காருக்குள் மல்லாந்து படுத்து, வெறுங்காலால் கண்ணாடியை வெளியே தள்ளினார். வெளியே இரண்டு கையையும் ஏந்தியபடி நான்.

‘டிக்’ என்றது. 

“அண்ணே, என்னண்ணே அது?”

“பேசாதீங்க சார். என் முட்டி.”

அடுத்த நொடி கண்ணாடி முழுசாக என் கைக்கு வந்தது. இறங்கி வந்த இருமாதேயின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

“இத்தினி வருஷமா செய்யறீங்க, இன்னுமா பயம்?”

“பயம் உட்டுப்போச்சுன்னு நெனச்ச அன்னைக்கு ஒண்ண ஒடச்சிட்டேன் சார். கார்க்காரரு ஒரு வார்த்த திட்டல. அதத்தான் இன்னும் தாங்க முடியல.”

மறுநாள் காலை, தகர வேலைக்காக ஷெட்டிலேயே விட்டுவந்த என் கண்ணாடி பத்திரமாக இருக்கிறதா என்று பதறிக்கொண்டு ஓடினேன். அங்கே அவர் படுக்கும் கட்டிலில், போர்வைக்குள், தலையணை மேல் கண்ணாடி சுகமாகப் படுத்திருந்தது. இருமாதே சிமெண்டுத் தரையில் சுருண்டு கிடந்தார்.

கண்ணாடியைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் அவர் கண் விழித்ததும், “கழுத்து வலிக்குதாண்ணே?” என்றுதான் கேட்கத் தோன்றியது.