தேங்க்ஸை முகர்ந்து பார்த்தவர்

என்னைப் போன்ற முட்டாளை முதலமடைப் பக்கம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை என்பார்கள். நான் மறுப்பதில்லை. 'தேங்க்ஸ்' என்ற சொல்லால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வராது என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். அந்த நம்பிக்கையை எதுக்கண்ணன் ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துவிட்டார்.

சந்தேகப்படுவதில் எதுக்கண்ணனை மிஞ்ச பொள்ளாச்சி முதல் பாலக்காடு வரை ஆள் கிடையாது. மாங்காய் வியாபாரி. எதைச் சொன்னாலும் 'எதுக்கு?' என்று கேட்பதால் ஊர் வைத்த பெயர் அது. காலையில் சூரியன் உதித்தால்கூட, இதில் அதற்கென்ன லாபம் என்று யோசிக்கிற முகம். எழுபதுகளில் முதலமடையில் ஒரு உரக்கடைக்கு வேலைக்குப் போன நான், அவர் வீட்டு வெளி அறையில் குடியேறினேன். வந்ததும் தண்ணீர் கொடுத்தார். படித்தவன் என்று காட்ட வேண்டாமா? குடித்துவிட்டு, "தேங்க்ஸுங்க" என்றேன்.

சொம்பை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எதுக்குங் தம்பி? தண்ணியில ஏதாச்சும் கெடந்துதுங்களா?"

அவர் கொள்கை சுருக்கமானது. "வேலைக்குக் கூலி, சரக்குக்குக் காசு, சோத்துக்கு ஏப்பம். அதோட தீந்துதுங்களே! அதுக்கு மேல ஒருத்தன் தேங்க்ஸுன்னு ஒண்ணு போட்டுக் குடுக்கறான்னா எனக்குச் சம்சயமுங்."

பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர் ஒருமுறை அவருக்குத் தேங்க்ஸ் சொல்லிவிட்டார். இவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறி, மேலே போட்ட தன் மாங்காய்க் கூடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். ஒரு ஜவுளிக் கடையில் பையின் மேல் தேங்க்ஸ் என்று அச்சடித்திருந்தது. நான் வாசித்துக் காட்டியதுதான் தாமதம், புது வேட்டியைக் கடை நடுவிலேயே விரித்து, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினார். பாவி வேட்டியில் ஓட்டை இருந்தது. அன்றோடு அவர் கொள்கை சட்டமாகிவிட்டது.

மாம்பழத்தை நிறம் பார்த்து வாங்கமாட்டார். காம்பில் மூக்கை வைப்பார். சொல்லையும் அப்படித்தான். "இது கல்லு வெச்சுப் பழுத்த வார்த்தைங்" என்பார். கார்பைட் கல்லைச் சொல்கிறார். மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு.

இப்படிப்பட்டவரின் மகள் சரசுவுக்குத்தான் நான் மாப்பிள்ளை கூட்டி வந்தேன். கடையில் என்னோடு வேலை பார்த்த கொழிஞ்சாம்பாறைப் பையன் வேலுச்சாமி. தங்கமான பையன், ஆங்கிலம்தான் அறவே வராது. அந்தக் குறை எதற்கு என்று, பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் பூராவும் உட்கார்ந்து அவனுக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தேன். எந்தச் சொல் என்று கேட்காதீர்கள்.

பாய் போட்டதற்குத் தேங்க்ஸ். பஜ்ஜிக்குத் தேங்க்ஸ். சரசு காபி நீட்டியபோது இரண்டு. கரண்ட் போய் வந்ததற்கு, மின்விசிறியைப் பார்த்து ஒன்று. எதுக்கண்ணன் மூக்கு விடைத்துக்கொண்டே போனது.

மாப்பிள்ளை வீட்டார் போனதும், "பையன் ஆகாதுங்" என்றார்.

"ஏனுங்ணா?"

"கல்லு வெச்சுப் பழுத்தது."

சரசுவுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. குழாயடியில் என்னை மறித்தாள். "ஏனுங்ணா, உங்க இங்கிலீசுல என்ற கல்யாணத்தையே நிறுத்திப்போட்டீங்களே! அடுத்த வாரம் வேற எடத்துல இருந்து பாக்க வராங்களாமா."

அன்றைக்கே கிளம்பினேன். கொல்லங்கோட்டுக்குப் போய், தெரிந்த வாத்தியாரிடம் தலையணை பருமனுக்கு ஒரு அகராதியை இரவல் வாங்கினேன். தேங்க்ஸ் இருந்த பக்கத்தைப் பார்த்ததும் துள்ளினேன். வேலுச்சாமியையும் இழுத்துக்கொண்டு நேராக மாங்காய் மண்டிக்கு ஓடினேன்.

"அண்ணா, தேங்க்ஸுக்கு மூலம் என்னன்னு தெரியுங்களா? 'நினைப்பு'! நினைக்கிறதுக்கு வெள்ளைக்காரன் 'திங்க்'னு சொல்ற வார்த்தையும் இதும் ஒரே வேர்ல வந்ததுங்க. நீங்க செஞ்சத மனசுல நெனச்சுக்கறேன்னு அர்த்தம்."

"ஆரு சொன்னது?"

"புஸ்தகமுங்க."

"ஆரு எழுதுன புஸ்தகம்?"

"வெள்ளைக்காரனுங்க."

"அவன் கடைச் சரக்க அவன் சொத்தைன்னா சொல்லுவான்?"

கேட்டுவிட்டு, லாரியில் ஏற்றவேண்டிய கூடைகளை எண்ணப் போய்விட்டார். லாரிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆள் பற்றவில்லை. யாரும் சொல்லாமலே வேலுச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடைகளைத் தூக்க ஆரம்பித்தான். லாரி போனதும் எதுக்கண்ணன் வைக்கோலுக்குள் கைவிட்டு ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து அவனிடம் நீட்டினார்.

சொல்லித்தொலைக்காதேடா என்று எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டேன்.

அவன் தோலோடு கடித்தான். முழங்கை வரை சாறு வழிந்தது. கொட்டையைச் சூப்பி முடித்து, அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "இன்னொண்ணு இருக்குங்களா மாமா?"

எதுக்கண்ணன் வைக்கோலுக்குள் தேடி இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மரத்துல பழுத்ததுதானுங் தம்பி. நீங்கதான் கல்லு வெச்சுக் கெடுத்துப்போட்டீங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்கு இரண்டு முறை பாயசம் ஊற்றச் சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்கிறேனா என்று தூணோரம் நின்று கவனித்துக்கொண்டே இருந்தார்.

வேறு ஊருக்கு மாற்றலாகி நான் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட வந்தார். என் பெட்டியோடு ஒரு கூடைப் பழத்தையும் மேலே ஏற்றி, கயிற்றின் மேல் சந்தேகப்பட்டு அவிழ்த்து, மறுபடி தானே கட்டினார். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரம் கூடவே நடந்தார். எனக்கு வேறு சொல் வரவில்லை.

"தேங்க்ஸுங்ணா!"

"நெனச்சாப் போதுமுங்."