கொட்டேஷன் வாங்கிய ஹார்ட் டிஸ்க்

“ஏங்க, இடமில்லையாம்!”

மனைவி படுக்கையறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை வியர்வை. மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை நிறுத்திவிட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டுதான் அவள் கேமரா முன்னால் நின்று இயற்பியல் நடத்துவாள்.

“எங்க இடமில்ல?” என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமல்.

“கம்ப்யூட்டர்லதான். முக்கால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசறவரைக்கும் சும்மா இருந்துட்டு, முடிச்சப்புறம் சொல்லுது, சேமிக்க இடமில்லன்னு.”

கணவர் மின்விசிறி தயாரிக்கும் கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. அங்கே ஒரு திருகாணி வாங்குவதென்றாலும் மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தப் பழக்கம் அவரோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்க மூன்று மருத்துவர்களிடம் விலை கேட்கப் போனார். மூன்றாமவரிடம் போய்ச் சேர்வதற்குள் கன்னம் பன்னாக வீங்கி, பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்க வேண்டியதாயிற்று. அன்று முதல் மனைவி வீட்டார் அவரைக் கொட்டேஷன் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், இப்போது நேராகவே சொல்கிறார்கள்.

“பெரிய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குங்கன்னு போன வருஷமே சொன்னேன்.”

“வாங்க மாட்டேன்னு யார் சொன்னா? பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்!”

அது உண்மைதான். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன டிஸ்க் வாங்கினால் சீக்கிரம் நிரம்பிவிடும். பெரியது வாங்கினால் பாதி சும்மா கிடக்கும், வெறும் இடத்துக்குக் காசு கொடுத்ததாக ஆகும். அடுத்த மாதம் விலை இறங்கும் என்று வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். இறங்கவே இறங்காது என்று இன்னொருவர் சொன்னார். மூன்றாவதாக ஒரு கருத்து வேண்டுமே என்று தேடினால், இரண்டும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். கொட்டேஷன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிங்க. எல்லாப் பாடமும் மொத்தமா போய்ச் சேரணும்” என்றாள் மனைவி.

மகள் பிறந்தபோது வேலையை விட்டவள் அவள். மகள் இப்போது படிப்புக்காக விடுதியில் இருக்கிறாள். ஒரு கல்வி நிறுவனம், முழுப் பாடத்தொகுப்பையும் அனுப்புங்கள், பிடித்திருந்தால் ஆசிரியர் வேலை தருகிறோம் என்று கூப்பிட்டுச் சொல்லியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவளைத் தேடி வந்த ஒரே வாய்ப்பு அதுதான். கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவை பேசிப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்தாள்.

“அப்ப எதையாவது அழிங்க. ‘முக்கியம்’னு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கீங்களே, அதுதான் மலை மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது.”

கொட்டேஷன் துள்ளி எழுந்தார். “அதுல மட்டும் கை வைக்காத! பாப்பாவோட சின்ன வயசுப் படம், வீட்டுப் பத்திரம், எங்கப்பா கடைசியா பேசின வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கு.”

மாமனார் பேச்சு வந்ததும் அவள் அந்த ஃபோல்டரை விட்டுவிட்டாள்.

“நீ கவலைப்படாத. உன் பாடத்தைக் கொஞ்சம் சுருக்கிட்டா இடம் தானா வந்துடும். அதுக்கெல்லாம் இலவசமாவே மென்பொருள் இருக்கு.”

மதியத்துக்குள் மென்பொருள் முதல் மூன்று பாடங்களைச் சுருக்கி முடித்தது. அவர் பெருமையோடு ஓட்டிக் காட்டினார்.

“இதுல நான் எங்கங்க?”

“இதோ, இந்த நீலக் கட்டம் எல்லாம் நீதான். புடவை.”

“போர்டுல எழுதினது?”

“அது... கொஞ்சம் மசமசன்னு இருக்கு. குரல் சுத்தமா இருக்கில்ல?”

“நான் என்ன ரேடியோவுலயா பாடம் நடத்தறேன்? சரி, பழைய வீடியோவையே வெச்சுக்கறேன், குடுங்க.”

மென்பொருள் பழையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் புதியதை வைத்திருந்தது. இலவசம் என்பதால் கேட்காமலேயே இந்தச் சேவையையும் செய்திருந்தது. மனைவி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை அவளுடைய தம்பி வந்தான்.

“மாமா, இன்னுமா கொட்டேஷன் வரல?”

“உனக்கென்னடா தெரியும்? எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, பக்கத்துல பக்கத்துல ஒப்பிட்டுப் பார்க்கணும். இதெல்லாம் அவசரத்துல எடுக்கற முடிவா?”

“நீங்க நிதானமா பாருங்க. அதுவரைக்கும் அக்காவுக்கு இது.” ரப்பர் பேண்ட் சுற்றிய பழைய டிஸ்க் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“ரப்பர் பேண்ட் எதுக்கு?”

“அது இருந்தாத்தான் ஓடும். மாமா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இதுல ஒரு காப்பி போட்டுக்குங்க. கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சுடாதீங்க.”

“அழிக்காம இடம் எப்படிடா கிடைக்கும்?”

கொட்டேஷன் எல்லாப் பாடங்களையும் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததைத் துடைத்தெடுத்தார். இடம் கிடைத்தது. மனைவி சட்டென்று சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

அடுத்த நாள் பிற்பகல் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கெட்டுப்போன மூன்று பாடங்களையும் அவள் திரும்ப எடுத்து முடித்து, டிஸ்க்கில் சேர்த்துவிட்டாள். கடைசிப் பாடம் மட்டும் பாக்கி.

“ஏங்க, உங்க டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது. மைக்ல அப்படியே விழுது.”

“அவ்வளவுதானே! இரு.”

மின்விசிறிக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்குச் சத்தத்தை அடக்கத் தெரியாதா? டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றினார். சத்தம் குறைந்தது. தலையணை உறைக்குள் விட்டு, மேலே இன்னொரு தலையணையை வைத்து அமுக்கினார். சுத்தமாக நின்றுவிட்டது.

“இப்ப எப்படி?”

“மூச்சு விடற சத்தம்கூட இல்லைங்க!”

அவள் கடைசிப் பாடத்தை நடத்தினாள். அன்றைய பாடம் வெப்பம். கண்கள் மின்ன, கைகளை வீசி, எல்லாவற்றையும் விட அதைத்தான் அருமையாக நடத்தினாள். முடித்துவிட்டுத் தலையணையைத் தூக்கினால், உள்ளே டிஸ்க் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்ட் உருகி அதன்மேல் ஒட்டியிருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினார், ஊதினார், குலுக்கினார், ஈரத்துணியால் ஒத்தடம்கூடக் கொடுத்தார். டிக் சத்தம்கூட வரவில்லை.

“எல்லாப் பாடமும்...” என்றாள்.

“கடைசிப் பாடம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா.”

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உருகிய ரப்பர் பேண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கடை திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். கடைக்காரப் பெண் செத்துப்போன டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெளியூருக்கு அனுப்பித்தான் மீட்கணும் சார். மாசக் கணக்காகும். கிடைக்கும்னு சொல்ல முடியாது.”

“சரி, அந்தப் பெரிய டிஸ்க்... கடைசி விலை என்ன?”

“போன மாசமும் இதைத்தான் கேட்டீங்க. அதுக்கு முந்தின மாசமும் கேட்டீங்க. இப்ப ஏறிடுச்சு.”

“அடுத்த வாரம் குறையுமா?”

வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அலமாரியில் இருப்பதிலேயே பெரிய டிஸ்க் எதுவோ அதைக் கொடுங்கள் என்றார். பேரம் பேசவில்லை. இன்னொரு கடையில் விசாரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொட்டேஷன் இல்லாமல் ஒரு பொருளை வாங்கிவிட்டு, கடையில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டார்.

“வாங்கிட்டேன்! இருக்கறதுலயே பெருசு! நீ திரும்ப எடுக்க ஆரம்பி. அவங்ககிட்ட ஒரு வாரம் தவணை கேட்டுக்கலாம்.”

“கேட்டுட்டேங்க” என்றாள். “தவணை கிடையாதாம். வேற ஒருத்தரை எடுத்துட்டாங்களாம்.”

போனை யார் முதலில் வைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை.

டிஸ்க்கை மாட்டிக் கொடுக்கக் கடைக்காரப் பெண்ணே வீட்டுக்கு வந்தாள். பாடங்களே இல்லாதபோது டிஸ்க் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மனைவி கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, இனிமேல் அதை நிறுத்த வேண்டிய அவசியமில்லை.

“முதல்ல ‘முக்கியம்’ ஃபோல்டரை மாத்திடும்மா” என்றார் அவர், ஈனக்குரலில். “பத்திரமா. எங்க குடும்பமே அதுக்குள்ளதான் இருக்கு. மிஞ்சினது அது ஒண்ணுதான்.”

அந்தப் பெண் ஃபோல்டரைத் திறந்தாள். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். ரொம்ப நேரம் தள்ளினாள்.

“சார், நீங்க பார்க்கற வீடியோ எல்லாம் தானா இதுக்குள்ள சேமிக்கற மாதிரி வெச்சிருக்கீங்களா?”

“ஆமா, எப்பவோ வெச்சேன். பாதியில இணையம் போயிட்டா ஒப்பிட்டுப் பார்க்க வேணுமேன்னு... ஏன்?”

அவள் மனைவியை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

“உங்க குடும்பம் ஒரு ஓரமாத்தான் சார் இருக்கு. மிச்சம் முழுக்க, பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா வேண்டாமாங்கற வீடியோதான்.”